அசீரியா தன் கொடூரத்தால்தான் அழிந்ததா?

கேட்டவர் எழுதியது இவ்வளவுதான்: "அசீரிய ராஜாக்கள் எதிரிகளின் தோலை உரித்துத் தூணில் போர்த்தினார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உலகத்தையே நடுங்க வைத்த அந்தப் பேரரசு இருபது வருஷத்துக்குள் தடம் தெரியாமல் போய்விட்டதாமே. செய்த பாவம் சும்மா விடுமா? எல்லாப் பேரரசுகளுக்கும் இதே கதிதானா?"

அசீரியா என்பது இன்றைய ஈராக்கின் வடக்கில் இருந்த பண்டைய பேரரசு. உங்கள் கேள்வி பார்க்க ஒன்று மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. அந்தக் கொடூரங்கள் நிஜமா என்பது ஒன்று. அவைதான் அழிவுக்குக் காரணமா என்பது இன்னொன்று. நடுவில் நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்றும் உண்டு. அந்தக் கொடூரம் அவர்களுக்கு எதற்குப் பயன்பட்டது? அதைச் சொல்லாமல் மற்ற இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருபத்தெட்டு வருஷம் கல்லூரியில் பண்டைய உலக வரலாறு நடத்தியவன். வாழ்க்கையில் பாதி வகுப்பறையில் போனது, மீதிப் பாதி தமிழ்க் கல்வெட்டுகளோடு மல்லுக்கட்டிப் போனது. ஆப்பெழுத்து, அதாவது அசீரியர்கள் எழுதிய ஆப்பு வடிவக் குறிகள், எனக்கு வாசிக்கத் தெரியாது. அசீரிய வாசகங்களை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வரும் இடங்களில் தீர்ப்பு சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ராஜாக்கள் தங்களைப் பற்றிக் கல்லில் வெட்டி வைப்பதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதில் மட்டும் கொஞ்சம் பழக்கம் உண்டு.

தோலுரித்த செய்தி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். அடிபட்டவன் எழுதிய புகாரிலிருந்து அல்ல, அடித்த ராஜாவின் சொந்த வாசகத்திலிருந்து. இரண்டாம் அசூர்நசிர்பால், கி.மு. 883 முதல் 859 வரை ஆண்டவர். கலகம் செய்த ஊரின் வாசலுக்கு எதிரே தூண் எழுப்பினேன், கலகத் தலைவர்களின் தோலை உரித்து அதன்மேல் போர்த்தினேன், சிலரைக் கழுவில் ஏற்றினேன் என்று தன் வாயாலேயே சொல்கிறார். கல்கு நகரத்தில், அதாவது இன்றைய ஈராக்கின் நிம்ரூதில், நினுர்தா என்ற போர்த் தெய்வத்தின் கோயில் கற்பலகைகளில் இது இருக்கிறது. இதே ராஜா இதே ஊரில் இன்னொரு கல்லும் நட்டார். புது அரண்மனைத் திறப்புக்குப் போட்ட விருந்தின் கணக்கு அது. வேலைக்கு வந்த ஆணும் பெண்ணுமாக 47,074 பேர், வெளிநாட்டுத் தூதர்கள் 5,000 பேர், ஊர்க்காரர்கள் 16,000 பேர், அரண்மனை ஊழியர்கள் 1,500 பேர். ஆக மொத்தம் 69,574 பேருக்குப் பத்து நாள் பந்தி. தூணையும் பந்தியையும் சேர்த்தே படிக்க வேண்டும். பணிந்தவனுக்குச் சோறு, பணியாதவனுக்குக் கழு. விருந்துக்கு வந்த அந்த 5,000 தூதர்களும் ஊருக்குத் திரும்பிப் போய் இரண்டையும் சொல்லியிருப்பார்கள். ராஜாவுக்கு வேண்டியதும் அதுதான்.

இது நமக்கு ஒன்றும் புதிதல்ல. சோழ ராஜா வீரராசேந்திரனின் மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டில் வரும் புகழுரையை, எடுத்துப் பாருங்கள். எதிரிப் படைத்தலைவன் சாமுண்டராசன் தலையை அறுத்ததோடு நிற்காமல், அவனுடைய ஒரே மகள், இருகையனின் தேவி, மயில் போன்ற நாகலையின் மூக்கை அரிந்ததும் அதில் பெருமையாக வருகிறது. சோழர் என்றாலே பெரிய கோயிலும் ஏரியும் மட்டும் நினைவுக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதை வகுப்பில் வாசித்துக் காட்டுவேன். ஒரு நிமிஷம் சத்தமே வராது. மெய்க்கீர்த்தியில் இருப்பதாலேயே அது நடந்தது என்று சொல்லிவிட முடியாது. நடக்கவில்லை என்றும் தள்ளிவிட முடியாது. 'இப்படிச் செய்தேன் என்று ஊர் நம்பினால் எனக்கு நல்லது' என்று அந்த ராஜா நினைத்தார் என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிகிறது. அசீரிய வாசகங்களுக்கும் இந்த அளவுகோல்தான்.

அளவுகோல் மட்டும் இருந்தால் போதாது, சரிபார்க்க வேறு சாட்சி வேண்டும். அப்படி வாய்த்த அபூர்வமான இடம் லாகீஸ். கி.மு. 701-இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதா நாட்டின்மேல் படையெடுத்தபோது விழுந்த கோட்டை நகரம். பைபிள் படித்தவர்களுக்கு சனகெரிப்பும் யூதா ராஜா எசேக்கியாவும் பழகின பெயர்கள். மகளைப் பார்க்க லண்டன் போயிருந்தபோது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அந்த அறையில் ஒரு மதியம் முழுக்க நின்றிருக்கிறேன். அசீரியத் தலைநகர் நினிவேயில் இருந்த அரண்மனையின் ஓர் அறைச் சுவர்களை அப்படியே கொண்டுவந்து சுற்றி நிறுத்தியிருக்கிறார்கள். இடப்பக்கமிருந்து அம்பெய்கிறவர்கள், கவண் வீசுகிறவர்கள் வரிசை வரிசையாக ஏறி வருகிறார்கள். நடுவில் கோட்டை. மேலிருந்து தீப்பந்தங்கள் விழுகின்றன. மதிலை இடிக்கும் வண்டிக்குள் இருக்கும் ஒருவன், வண்டி தீப்பிடிக்காமல் இருக்க நீளக் காம்புள்ள அகப்பையால் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறான். அதற்குப் பக்கத்திலேயே மூன்று பேர் கழுவில். அதே சமயம் கோட்டை வாசல் வழியாக ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். மாட்டு வண்டியில் மூட்டைகளின்மேல் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி இரண்டு பேரைத் தரையில் கிடத்திக் கைகால்களை இழுத்துக் கட்டித் தோலுரிக்கிறார்கள். வலது கோடியில் அரியணையில் சனகெரிப்; லாகீஸின் கொள்ளைப்பொருள் தன் முன்னால் கொண்டுபோகப்பட்டதைப் பார்த்தார் என்று தலைமாட்டில் எழுத்து. அவர் முகத்தை மட்டும் யாரோ கொத்திச் சிதைத்திருக்கிறார்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இஸ்ரேலில் லாகீஸ் மேட்டைத் தோண்டினார்கள். மதிலின் தென்மேற்கு மூலையில் கல்லைக் கொட்டி அசீரியர்கள் எழுப்பிய சாய்தளம் இன்றும் இருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் அதற்கு எதிராக அவசரமாக எழுப்பிய மண்மேடும் கிடைத்தது. நூற்றுக்கணக்கான அம்பு முனைகள், கவண்கற்கள் அந்த ஒரே மூலையில் குவிந்திருந்தன. ஆகவே முற்றுகை நடந்தது, ஊர் எரிந்தது, சிற்பி கற்பனையில் வடிக்கவில்லை, இவ்வளவும் உறுதி. பக்கத்துக் குகைக் கல்லறைகளில் சுமார் 1,500 பேரின் எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. அவர்கள் இந்த முற்றுகையில் இறந்தவர்கள்தான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது நிரூபணமாகவில்லை, நான் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சனகெரிப்பின் போர்க்குறிப்பில் லாகீஸின் பெயரே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 46 கோட்டை நகரங்களைப் பிடித்தேன், 2,00,150 பேரைக் கொண்டுபோனேன், எசேக்கியாவை எருசலேமில் கூண்டுப் பறவைபோல அடைத்தேன் என்கிறார். எருசலேமைப் பிடித்தேன் என்று சொல்லவில்லை. பிடித்திருந்தால் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை. பைபிளோ ஒரே இரவில் தேவதூதன் 1,85,000 பேரைக் கொன்றதாகச் சொல்கிறது. அந்த எண்ணையும் நான் அப்படியே எடுப்பதில்லை, இந்த 2,00,150-ஐயும் எடுப்பதில்லை. அன்றைய யூதாவின் மொத்த ஜனத்தொகையே அவ்வளவு தேறாது என்பது தொல்லியலாளர் பலரின் கணிப்பு. ஆனால் எதிரும் புதிருமான இந்த இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகிற இடங்கள் உண்டு: எருசலேம் விழவில்லை, எசேக்கியா கப்பம் கட்டினார், தங்கம் முப்பது தாலந்து. வழக்காடும் இரண்டு தரப்பும் ஒரே தொகையைச் சொன்னால் அதை நம்பலாம். பெரிய மீன் கைநழுவியதால்தான் லாகீஸுக்கு ஓர் அறையையே ஒதுக்கிச் சிற்பம் செதுக்கினார் என்பது பலர் சொல்லும் ஊகம். ஊகம்தான், ஆனால் எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. அசீரியாவின் தாய்நிலம் பெரியதல்ல. டைகிரிஸ் கரையில் அசூர், நினிவே, கிழக்கே அர்பேலா, இந்த மூன்று ஊர்களுக்கு நடுவே உள்ள முக்கோணம்தான். அவ்வளவு சின்ன இடத்திலிருந்து எகிப்து எல்லை வரை ஒவ்வொரு கோட்டையையும் முற்றுகையிட்டுப் பிடிப்பது எந்தப் படைக்கும் கட்டுப்படியாகாது. ஓர் ஊரைத் தோலுரித்துக் காட்டினால் பத்து ஊர் தானாகக் கதவைத் திறக்கும். கணக்கு அதுதான். எருசலேம் மதில் முன்னால் அசீரிய அதிகாரி ரப்சாக்கே வந்து நின்று பேசும் காட்சி பைபிளில் வருகிறது. எசேக்கியாவின் ஆட்கள் கெஞ்சுகிறார்கள்: சீரிய பாஷையில் பேசுங்கள், எங்களுக்குப் புரியும், மதில்மேல் இருக்கும் ஜனங்கள் காதில் விழும்படி யூத பாஷையில் பேசாதீர்கள் என்று. அவனோ குரலை இன்னும் உயர்த்தி யூத பாஷையிலேயே பேசுகிறான். அவன் வந்ததே மதில்மேல் இருப்பவர்களிடம் பேசத்தான். மிரட்டலோடு ஓர் ஆசையும் காட்டுகிறான். வெளியே வாருங்கள், உங்கள் நாட்டைப் போலவே தானியமும் திராட்சையும் விளைகிற வேறொரு நாட்டுக்கு உங்களைக் கொண்டுபோகிறேன் என்கிறான்.

அந்த 'கொண்டுபோகிறேன்' என்பதில்தான் அசீரியாவின் உண்மையான பலம் இருக்கிறது. கி.மு. 745-இல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் திக்லாத்பிலேசர் காலத்திலிருந்து அது ஒரு நிர்வாக முறையாகவே ஆனது. பிடித்த நாட்டைக் கப்பம் கட்டுகிற சிற்றரசாக விட்டுவைக்காமல் மாகாணமாக்கி ஆளுநரைப் போடுவது. அங்கிருப்பவர்களை வேறு மூலைக்கு அனுப்பி, வேறு மூலைக்காரர்களை இங்கே குடிவைப்பது. சமாரியாவிலிருந்து 27,290 பேரைக் கொண்டுபோனதாக இரண்டாம் சர்கோன் சொல்கிறார். இந்த எண் நம்பும்படி இருக்கிறது. மூன்று நூற்றாண்டுகளில் மொத்தம் 45 லட்சம் பேர் இப்படிப் பெயர்க்கப்பட்டிருக்கலாம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அது ராஜாக்களின் எண்களை அடிப்படையாக வைத்துப் போட்டது, ஆகவே மிகையாக இருக்க இடமுண்டு. அதில் பாதியே என்றாலும் அந்தக் காலத்துக்கு எண்ணிப் பார்க்க முடியாத கூட்டம்.

நிம்ரூதில் கிடைத்த களிமண் கடிதங்களில் ஒன்று என்னை விடாமல் துரத்துகிறது. பெயர்க்கப்பட்ட அரமேயர்களை வழியனுப்ப வேண்டிய ஓர் அதிகாரி ராஜாவுக்கு எழுதுகிறார்: அவர்களுக்கு வேண்டிய சாப்பாடு, துணி, ஆளுக்கொரு தண்ணீர்த் தோற்பை, ஒரு ஜோடி செருப்பு, எண்ணெய் எல்லாம் கொடுத்துவிடுகிறேன், கழுதைகள் இன்னும் வந்து சேரவில்லை, வந்ததும் அனுப்பிவிடுகிறேன். இன்னொரு கடிதத்தில் வேறு சிக்கல். குடிவந்த ஆண்களுக்குக் கல்யாணம் செய்து வைக்கச் சொல்லி ராஜா உத்தரவு போட்டிருக்கிறார். பெண் பார்த்தாகிவிட்டது, ஆனால் பரிசப் பணம் வராமல் பெண்ணைத் தர மாட்டோம் என்று அப்பாமார்கள் நிற்கிறார்கள், என்ன செய்ய என்று கேட்டு எழுதுகிறார் அதிகாரி. தோலுரித்த தூணைவிட இந்தச் செருப்புக் கணக்குதான் எனக்கு அதிகப் பயம் தருகிறது. வெறி ஒருநாள் அடங்கிவிடும். ஒரு ஜனத்தையே வேரோடு பிடுங்கி, செருப்புக் கொடுத்து, கழுதை ஏற்பாடு செய்து, பெண்ணும் பார்த்து இன்னொரு மண்ணில் நடுகிற ஆபீஸ் அடங்காது.

சரி, இவ்வளவு பலமான ஆபீஸ் எப்படி விழுந்தது? நீங்கள் சொன்ன 'இருபது வருஷம்' கிட்டத்தட்டச் சரி. கி.மு. 626-இல் அசீரியாவை எதிர்த்து எழுந்த நபோபலாசர் தெற்கே பாபிலோனில் முடிசூடினார். 612-இல் நினிவே விழுந்தது. 609-இல் எல்லாம் முடிந்தது. ஆனால் விரிசல் அதற்கு முன்பே, வீட்டுக்குள்ளேயே விழுந்துவிட்டது.

அசீரியாவுக்குப் பாபிலோன் ஒரு தீராத தலைவலி. வெட்டவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. தெய்வங்கள், சாஸ்திரங்கள், எழுத்து எல்லாம் அங்கிருந்து வந்தவை. பாபிலோனைக் குருபீடமாகவே நினைத்தார்கள். அந்தக் குருபீடம் அடிக்கடி கலகம் செய்தது. பொறுமையிழந்த சனகெரிப் கி.மு. 689-இல் நகரத்தை இடித்துக் கால்வாய்த் தண்ணீரைத் திருப்பிவிட்டார். அவர் பெற்ற பிள்ளையே அவரை 681-இல் கொன்றான். அடுத்து வந்த இன்னொரு மகன் எசரத்தோன் பாபிலோனை மறுபடி கட்ட விரும்பினார். ஆனால் பாபிலோனின் தலைமைத் தெய்வம் மர்துக் கோபத்தில் 70 வருஷம் பாழாகக் கிடக்கும்படி விதித்திருந்ததாம். அதற்கு எழுத்தர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆப்பெழுத்தில் 70 என்பது ஒரு செங்குத்துக் குறியும் ஒரு கோணக் குறியும். அந்த இரண்டையும் இடம் மாற்றினால் 11. மர்துக் மனமிரங்கி எண்ணைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார் என்று எழுதிவிட்டு வேலையை ஆரம்பித்தார்கள். எந்த ஊர் குமாஸ்தாவும் மெச்சுகிற சாமர்த்தியம்.

எசரத்தோன் செய்த பெரிய பிழை என்று நான் நினைப்பது அவருடைய பாகப்பிரிவினை. ஒரு மகன் அசூர்பனிபாலுக்கு அசீரியா, மூத்த மகன் சமாஷ்-சும்-உகினுக்குப் பாபிலோன். இதை மீறமாட்டோம் என்று கி.மு. 672-இல் நாடு முழுக்கச் சத்தியம் வாங்கினார்கள். மீறுகிறவன் பெற்ற பிள்ளையின் மாம்சத்தைத் தின்னட்டும் என்பதுவரை சாபங்கள் அதில் உண்டு. இருபது வருஷத்தில், 652-இல் அண்ணன் தம்பிமேல் எழுந்தான். நாலு வருஷம் சண்டை. பாபிலோன் முற்றுகையில் பஞ்சம் தலைவிரித்தாடியது, அண்ணன் தீயில் செத்தான். பஞ்சத்தில் பிள்ளைகளைத் தின்றார்கள் என்று தம்பி எழுதி வைத்திருக்கிறார். அது நடந்ததா, அல்லது சாபம் பலித்தது என்று காட்ட எழுதிய வரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அடுத்து, அண்ணனுக்கு உதவிய எலாமை, இன்றைய ஈரானின் தென்மேற்கில் இருந்த ராஜ்ஜியத்தை, நொறுக்கினார். சூசா நகரத்தைச் சூறையாடி, கல்லறைகளைத் தோண்டி, நிலத்தில் உப்புத் தூவினேன் என்கிறார். வெற்றிதான். ஆனால் கிழக்குப் பக்கம், ஈரான் மலைநாட்டு மேதியர்களுக்கும் அசீரியாவுக்கும் நடுவே நிற்க ஒரு பலமான ராஜ்ஜியம் இல்லாமல் போனதும் அந்த வெற்றியால்தான் என்று பலர் வாதிடுகிறார்கள். இது தர்க்கத்துக்குப் பொருந்துகிற வாதம், அவ்வளவுதான்.

அதன்பின் ஏடுகள் மௌனமாகின்றன. நினிவே நூலகத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட களிமண் பலகைகளும் துண்டுகளும் சேர்த்த ராஜா அசூர்பனிபாலின் கடைசிப் பத்து வருஷத்துக்கு ஒழுங்கான போர்க்குறிப்பு இல்லை. அவர் இறந்தது 631 வாக்கில் என்பதுகூட மற்ற ஆவணங்களை வைத்துப் போட்ட கணக்குதான். இறந்ததும் அரியணைப் போட்டி. இரண்டு மகன்கள் அடுத்தடுத்து ஆண்டார்கள், நடுவில் ஒரு அரண்மனை அலி அதிகாரியும் தன்னை ராஜா என்று சொல்லிக்கொண்டான். அந்த இடைவெளியில்தான் நபோபலாசர் எழுந்தது. தெற்கே பத்து வருஷம் ஊர் ஊராகச் சண்டை நடந்தது. அப்போது முற்றுகையில் சிக்கிய நிப்பூர் நகரத்தில் எழுதிய சில பத்திரங்கள் கிடைத்திருக்கின்றன. பெற்றவர்கள் பிள்ளைகளை விற்ற பத்திரங்கள். குழந்தையை எடுத்துக்கொண்டு உயிரோடு வையுங்கள், கொஞ்சம் வெள்ளி கொடுங்கள், நாங்கள் சாப்பிட வேண்டும் என்கிற தொனி. ராஜாக்களின் பஞ்சக் கதையை நம்பலாமா என்று யோசிக்கிற நான் இந்தப் பத்திரங்களை அப்படியே நம்புகிறேன். சாட்சிகள் பெயர், தேதி, தொகை எல்லாம் போட்டு எழுதிய விற்பனைச் சீட்டில் பெருமைக்கு வேலையில்லை.

கி.மு. 614-இல் மேதியர்கள் அசூர் நகரத்தைப் பிடித்தார்கள். நபோபலாசரின் படை சண்டை முடிந்தபிறகுதான் வந்து சேர்ந்தது என்று பாபிலோனியரின் சொந்த ஏடே ஒத்துக்கொள்கிறது. இடிபாட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு ராஜாக்களும் கூட்டுச் சேர்ந்தார்கள். 612-இல் மூன்று மாத முற்றுகைக்குப் பின் நினிவே. அதன் மதில் சுற்றளவு 12 கிலோமீட்டர். அவ்வளவு நீள மதிலை ஆள் போட்டுக் காப்பது எவ்வளவு கஷ்டம் என்று நீங்களே யோசிக்கலாம். தென்கிழக்கே ஹல்சி வாசலைத் தோண்டியபோது, அகலமான வாசலைக் கல்லடுக்கி அவசரமாகக் குறுக்கியிருந்தது தெரிந்தது. அந்தச் சந்தில் விழுந்த நிலையிலேயே எலும்புக்கூடுகள், உடம்பில் தைத்த ஆயுத முனைகளோடு. அவற்றில் ஒன்று குழந்தை.

பஞ்சம் வந்தது, மழை பொய்த்தது, அதனால்தான் விழுந்தது என்று சமீபத்தில் நிறையப் படிக்கக் கிடைக்கும். வடக்கு ஈராக்கின் குனா பா குகையில் சுண்ணாம்புப் படிவங்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, கி.மு. ஏழாம் நூற்றாண்டில் நீண்ட வறட்சி இருந்ததாகச் சொல்கிறது. அசீரியாவின் தாய்நிலம் மானாவாரி பூமி, பாபிலோன் ஆற்றுப் பாசனம். ஆகவே அடி வடக்குக்குத்தான் அதிகம் என்பது நியாயமான வாதம். வறட்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே வறட்சி ஆண்டுகளில்தான் அசூர்பனிபாலின் படை எகிப்தில் தீப்ஸ் வரை போய்த் திரும்பியது, எலாமை நொறுக்கியது. காய்ந்த விறகு வேறு, நெருப்பு வைத்த கை வேறு.

இப்போது உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். கொடூரம்தான் காரணமா? அசூர்நசிர்பாலின் தூணிலிருந்து நினிவே வீழ்ச்சி வரை எண்ணினால் சுமார் 270 வருஷம். கொடூரம் விஷம் என்றால் அவ்வளவு மெதுவாகவா வேலை செய்யும்? பின்னால் வந்தவர்களும் சாதுக்கள் அல்ல. எருசலேமை எரித்து ஜனங்களைக் கொண்டுபோனது பாபிலோனியர். பாரசீக தாரியஸ் பெகிஸ்துன் மலைப்பாறையில், கலகக்காரர்களின் மூக்கையும் காதையும் அறுத்து, கண்ணைப் பிடுங்கி, கழுவேற்றியதை வெட்டி வைத்திருக்கிறார். அந்தப் பேரரசு இரண்டு நூற்றாண்டு நிலைத்தது. ஊரே வெறுத்ததால் யாரும் உதவிக்கு வரவில்லை என்பார்கள். அதுவும் முழுக்கச் சரியல்ல. கடைசிவரை அசீரியாவுக்காக யூப்ரடீஸ் கரையில் வந்து நின்ற படை எகிப்துடையது. ஐம்பது வருஷம் முன்னால் தீப்ஸைக் கொள்ளையடித்தார்களே, அதே எகிப்து. அரசியலில் வெறுப்பைவிட எல்லைக் கவலை பெரிது.

ஆனால் கொடூரத்துக்கு ஒரு பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன். விழுந்ததற்கு அல்ல, விழுந்தபின் எழாமல் போனதற்கு. பாபிலோனை இடித்தவனின் மகனே எண்ணைத் திருப்பிப் போட்டு மறுபடி கட்டினான்; அதைக் கட்ட விரும்புகிறவர்கள் எப்போதும் இருந்தார்கள். நினிவேக்கு அப்படி யாரும் வரவில்லை. 'இரத்தப்பழிகளின் நகரத்திற்கு ஐயோ' என்று தொடங்கும், பைபிள் தீர்க்கதரிசி நாகூமின் பாட்டு, உன் செய்தி கேட்கிற எல்லாரும் கைகொட்டுவார்கள் என்று முடிகிறது. கல்குவில் அந்தப் பழைய சத்தியப் பலகைகள், எசரத்தோன் கிழக்குத் தேசத் தலைவர்களிடம் வாங்கியவை, சுக்குநூறாகக் கிடைத்தன. தங்கள் தாத்தாக்களிடம் வாங்கிய சத்தியத்தை மேதியர்கள் தேடி உடைத்தார்களா, கட்டடம் இடிந்ததில் உடைந்ததா என்று தீர்மானிக்க வழியில்லை. கி.மு. 401-இல் கிரேக்கப் படைவீரன் செனபோன் அந்த வழியே நடந்து போனபோது பிரம்மாண்டமான வெறும் மதில்களைப் பார்த்துக் குறித்து வைத்தான். கல்குவுக்கு லாரிசா, நினிவேக்கு மெஸ்பிலா என்று பெயர் எழுதினான். மேதியர் ஊர்கள் என்றே நினைத்தான். அசீரியர் என்ற சொல்லே அங்கே வரவில்லை.

'தடம் தெரியாமல்' என்றீர்களே, அதில் மட்டும் ஒரு திருத்தம். அழிந்தது அரசும் தலைநகரங்களும். இன்றைய சிரியாவில் காபூர் ஆற்றங்கரை ஊர் ஒன்றில், நினிவே விழுந்து பத்து வருஷம் கழித்து, பாபிலோன் ராஜாவின் ஆண்டைப் போட்டு ஆனால் பழைய அசீரிய வழக்கிலேயே நிலப் பத்திரம் எழுதியிருக்கிறார்கள். குடிபெயர்த்த ஜனங்களோடு பரவிய அரமேய மொழி, பின்னால் பாரசீகத்தின் ஆபீஸ் மொழியானது. அசோகர் காந்தகாரில் கல்வெட்டு வைத்தபோது கிரேக்கத்தோடு அரமேயத்திலும் வெட்ட வேண்டியிருந்தது. சேர்ந்தாற்போல் இதையும் சொல்லிவிடுகிறேன்: கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று வருத்தத்தோடு சொல்லும் அந்தப் பதின்மூன்றாம் பாறைக் கட்டளை, சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்லும் அதே கட்டளை, கலிங்கத்தில் இருக்கும் பாறைகளில் வெட்டப்படவில்லை.

எல்லாப் பேரரசுக்கும் இதே கதியா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்றை ஓரளவு படித்தவன் மற்ற எல்லாவற்றுக்கும் ஜோசியம் சொல்லக்கூடாது. பாவம் சும்மா விடுமா என்பதற்கும், ஹல்சி வாசலில் கிடந்த அந்தக் குழந்தை யார் தோலையும் உரிக்கவில்லை என்பதைத்தான் சொல்ல முடியும். சனகெரிப்பின் சிதைந்த முகத்துக்குக் கடைசியில் வருகிறேன் என்றேன் அல்லவா. அதே அருங்காட்சியகத்தில் இன்னொரு பலகை இருக்கிறது. திராட்சைக் கொடியின் கீழே அசூர்பனிபால் சாய்ந்து படுத்துக் குடிக்கிறார், எதிரே ராணி, யாழ் வாசிப்பவர்கள், விசிறுகிறவர்கள். ஒரு மரத்தில் எலாம் ராஜா தேயும்மானின் வெட்டிய தலை தொங்குகிறது. பெரும்பாலும் 612-இல், நகரம் எரிந்துகொண்டிருந்த நேரத்தில், யாரோ உளியோடு உள்ளே வந்து ராஜாவின் முகத்தையும் ராணியின் முகத்தையும் கொத்தியிருக்கிறார்கள். மரத்தில் தொங்கும் தலைமேல் உளி படவில்லை.